பிழையை எண்ணாமல் எப்படி மார்க் போடுவது?

கேள்வி: ஐயா, தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் வீட்டு மாடியில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிலிருந்து நர்சிங் முடித்து ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்கள் வரை 23 பேர் வருகிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு 20 மார்க். ஒரு பிழைக்கு அரை மார்க் குறைப்பேன். போன வாரம் மழை நாளைப் பற்றி எழுதச் சொன்னேன். ஐந்து வரி எழுதிய பையனுக்கு 19 வந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதிய பெண்ணுக்கு 9. அவளுடைய அம்மா வந்து, "இவ்வளவு எழுதியும் அவனைவிடக் குறைவா?" என்று கேட்டார். கணக்கைக் காட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ஒருவருடைய ஆங்கிலத்தை எதை வைத்து அளப்பது? இன்னொரு மாணவனின் அப்பா, பிள்ளைக்கு அமெரிக்க உச்சரிப்பு வர வேண்டும் என்கிறார். அதற்கும் மார்க் உண்டா? இரண்டு விடைத்தாள்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் சிவப்பு மையை முடிந்தவரை பார்க்காமல்தான் இரண்டு தாள்களையும் முதலில் படித்தேன். பையன் எழுதியது மொத்தமே இவ்வளவுதான்: 'இட் வாஸ் எ ரெய்னி டே. தி ஸ்கை வாஸ் டார்க். தி ஃபிராக்ஸ் வாஸ் கிரோக்கிங். மை மதர் கேவ் ஹாட் பஜ்ஜி. ஐ வாஸ் வெரி ஹேப்பி.' தவளைகள் பன்மை, அங்கே 'வேர்' வர வேண்டும். 'கிரோக்கிங்' என்பதில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. இரண்டு பிழை, 19 மார்க். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து மழை நாள் கட்டுரை என்றால் இந்தத் தவளைகள் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. பஜ்ஜி மட்டும் அவன் சொந்தச் சரக்காக இருக்கலாம்.

அந்தப் பெண்ணின் தாளிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன்: 'வென் தி ரெய்ன் இஸ் கம், மை கிராண்ட்மதர் ஸ்டாண்டிங் இன் டோர் அண்ட் ஷவுட்டிங் வீ ஷுட் டேக் தி பேடி இன்சைட், பிகாஸ் லாஸ்ட் இயர் ஆல் இஸ் வெட் அண்ட் வீ லாஸ்ட் தி மணி.' இந்த ஒரு வரிக்குள் ஐந்து வட்டம் போட்டிருக்கிறீர்கள். ஐந்தும் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் காயப்போட்ட நெல்லைக் கண்ணால் பார்த்திராத ஒரு வெளிநாட்டுக்காரர் படித்தாலும் இதில் அவருக்குப் புரியாமல் போவது எது? மழை வருகிறது, பாட்டி வாசலில் நின்று சத்தம் போடுகிறார், காரணம் போன வருஷம் பட்ட நஷ்டம். எல்லாம் விளங்குகிறது. 'எப்போது' என்று தொடங்கி, பாட்டி சொன்னதை எடுத்துச் சொல்லி, 'ஏனென்றால்' என்று காரணமும் காட்டி, மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கோத்திருக்கிறாள். பையனுடைய ஐந்து வரியில் இதில் ஒன்றுகூட இல்லை. எடுத்து வைக்காத அடி எப்படித் தடுக்கும்?

மொத்தப் பிழையை எண்ணாமல் நூறு சொல்லுக்கு எத்தனை என்று பார்த்தால் நியாயமாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். போட்டுப் பார்த்தேன். பையன் எழுதியதே 22 சொல், பிழை 2. நூற்றுக்குச் சுமார் 9. அவள் எழுதியது 190 சொல் வரும், பிழை 22. நூற்றுக்குச் சுமார் 12. இப்படிப் பார்த்தாலும் அவள்தான் தோற்கிறாள். ஆகவே வகுக்கிற முறையை மாற்றிப் பயனில்லை. எண்ணுவதையே விட வேண்டும்.

அந்த 22 வட்டங்களை வகை பிரித்தேன். 'ஸ்டாண்டிங்', 'ஷவுட்டிங்' போல முன்னால் வர வேண்டிய 'வாஸ்' போன்ற துணைவினை விடுபட்டது 8 இடம். 'எ', 'தி' விடுபட்டது 6. நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் எழுதியது 5. எழுத்துக்கூட்டல் 3. அவ்வளவுதான். அவளுக்குத் தெரியாதது நான்கு விஷயம். அதற்கு நீங்கள் 22 முறை தண்டித்திருக்கிறீர்கள். அதிலும் 'தி' என்பதற்குத் தமிழில் இணையே கிடையாது. 'எ' என்பதற்காவது 'ஒரு' இருக்கிறது. தமிழ் பேசுகிற யாருக்கும் ஆங்கிலத்தில் கடைசியாக வசப்படுவது அதுதான்; எனக்கும் இன்றுவரை சில இடத்தில் கை தயங்கும்.

பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பிழைகளை இரண்டாகப் பிரித்தார். விதி தெரிந்தும் அவசரத்திலோ அசதியிலோ கை தவறுவது ஒன்று. விதியே இன்னும் பிடிபடாமல் வருவது இன்னொன்று. இரண்டாவது வகைதான் ஆசிரியருக்குப் பயன்படும், மாணவர் இப்போது எங்கே நிற்கிறார் என்று அது காட்டிக்கொடுக்கும் என்றார். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தாளைத் திருத்தாமலே திருப்பிக் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போதே நாக்கு தானாகத் திருத்திக்கொள்கிற இடமெல்லாம் கை தவறியவை. எந்தத் தயக்கமும் இல்லாமல் தவறாகவே வாசித்துக்கொண்டு போகிற இடம்தான் நீங்கள் அடுத்த வாரம் நடத்த வேண்டிய பாடம்.

பிழைக்குப் பிழை எடையும் வேறு. 1970களில் மரினா பர்ட், கரோல் கிபார்ஸ்கி என்ற இருவர், வாக்கியத்தின் ஓர் ஓரத்தில் மட்டும் சேதம் செய்கிற பிழை ஒரு வகை, மொத்த வாக்கியத்தையே குலைக்கிற பிழை இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டினார்கள். 'இன் டோர்' முதல் வகை. படிப்பவர் கவனிப்பார், கடந்து போய்விடுவார். அதே பெண் 'பிகாஸ்' என்பதை இடம் மாற்றி, நஷ்டம் வந்ததால்தான் நெல் நனைந்தது என்று பொருள்படும்படி எழுதியிருந்தால்? இலக்கணப்படி ஒரு குறையும் இருக்காது, உங்கள் பேனா அங்கே நிற்கவே நிற்காது. ஆனால் காரணமும் விளைவும் தலைகீழாகப் போயிருக்கும். கூடுதல் மார்க் குறைய வேண்டியது அங்கே.

சரி, எண்ண வேண்டாம் என்றால் எப்படித்தான் மார்க் போடுவது? புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களின் கட்டுரைகளைத் திருத்துவதற்காக ஹாலி ஜேக்கப்ஸும் அவர் குழுவினரும் 1981இல் அமெரிக்காவில் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். நூறு மார்க்கை ஐந்தாகப் பிரித்தார்கள்: சொல்ல வந்த விஷயத்துக்கு 30, அதை அடுக்கிய விதத்துக்கு 20, சொல்வளத்துக்கு 20, இலக்கணத்துக்கு 25, எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, கையெழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து வெறும் 5. கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள். நம் ஊரில் சிவப்பு மையில் பாதி எழுத்துக்கூட்டலுக்குத்தான் செலவாகிறது.

நீங்கள் 20க்குப் போடுவதால் இது அழகாகப் பிரிகிறது: 6, 4, 4, 5, 1. நான் போட்டுப் பார்த்தேன். பையனுக்கு விஷயத்துக்கு 2, அடுக்குக்கு 2, சொல்லுக்கு 2, இலக்கணத்துக்கு 3, எழுத்துக்கூட்டலுக்குத் தாராளமாக 1, மொத்தம் 10. பெண்ணுக்கு விஷயத்துக்கு 5, அடுக்குக்கு 3, சொல்லுக்கு 3, இலக்கணத்துக்கு 2, எழுத்துக்கூட்டலுக்குப் பூஜ்யம், மொத்தம் 13. விஷயத்தில் ஒரு மார்க் ஏன் குறைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இலக்கணத்தில் அவளுக்கு 2தான் என்பதையும் கவனியுங்கள். அவள் முயற்சியை மெச்சி நான் இலக்கணத்தில் சலுகை காட்டவில்லை. நல்லதும் கெட்டதும் தனித்தனிப் பெட்டியில் தெரிகிறது, அவ்வளவுதான். 9 என்று போட்டபோது அது தெரியவில்லை.

பையனுக்கு இலக்கணத்தில் ஏன் 5க்கு 3 என்று நீங்கள் கேட்பீர்கள். இலக்கணம் என்ற பெட்டிக்குள்ளேயே இரண்டு கேள்வி இருக்கிறது: எவ்வளவு சரியாக எழுதினார், எத்தனை வகையான வாக்கியம் எழுதினார். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் அந்த அளவுகோலின் பெயரிலேயே வீச்சு, துல்லியம் இரண்டும் உண்டு. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதித் தப்பித்துக்கொள்பவருக்கு வீச்சில் அடிவிழும்.

உங்கள் நர்சிங் பிள்ளைகளுக்கும் இது வேண்டும். அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியில் நான்கு அளவுகோல், நான்குக்கும் சம எடை: கேட்டதற்குப் பதில் சொன்னாரா, கோவையாகச் சொன்னாரா, சொல்வளம், இலக்கண வீச்சும் துல்லியமும். இரண்டு கட்டுரைகளில் 250 சொல் கேட்கிற இரண்டாவதுக்கு, முதலாவதைப் போல இரு மடங்கு எடை. இலக்கணத்தில் 7 வாங்க அவர்கள் கேட்பது பிழையே இல்லாத கட்டுரை அல்ல. பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும், அவ்வளவே. உச்சமான 9இல்கூட எப்போதாவது கை தவறுவதை அனுமதிக்கிறார்கள். உங்கள் மாடி வகுப்பு அதைவிடக் கறாராக நடந்துகொண்டிருக்கிறது.

அப்புறம், 'மோரோவர்', 'ஃபர்தர்மோர்', 'இன் எ நட்ஷெல்' என்று பட்டியல் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள், கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு பத்தி வாசலிலும் ஒன்றைத் தோரணம் கட்டினால் மார்க் ஏறும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நடப்பது நேர்மாறு. இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போடுவது அந்த அளவுகோலில் 5க்கு உரிய அடையாளமாகவே எழுதப்பட்டிருக்கிறது. இயந்திரத்தனமாகப் போட்டால் 6. ஒரு வாக்கியம் முந்தைய வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் தோரணமே தேவையில்லை. அந்தப் பெண்ணின் 'பிகாஸ்' தோரணம் இல்லை, அது சுமை தாங்குகிற விட்டம்.

மொழித்திறனை அளக்க இன்னொரு பயனுள்ள சட்டகம் ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட சிஇஎஃப்ஆர். ஏ1 முதல் சி2 வரை ஆறு படி. ஒவ்வொரு படியிலும் மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்பதைத்தான் முதலில் கேட்கிறது, என்ன முடியவில்லை என்பதை அல்ல. இரண்டாவது படியான ஏ2இல் இலக்கணத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் தெரியுமா? சில எளிய அமைப்புகளைச் சரியாகக் கையாள்வார், ஆனாலும் அடிப்படைப் பிழைகளை விடாமல் செய்துகொண்டிருப்பார், இருந்தும் என்ன சொல்ல வருகிறார் என்பது பொதுவாக விளங்கும் என்கிறார்கள். உங்கள் மாணவியைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதியதுபோல் இல்லையா? இலக்கணத்தில் அவள் ஏ2. சொல்ல எடுத்துக்கொண்ட விஷயத்தில் அதற்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். ஒரே ஆள் எல்லாவற்றிலும் ஒரே படியில் நிற்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

அளவுகோல் கையில் இருந்தாலும் திருத்துகிறவர் மனிதர்தான். ஒருமுறை விடைத்தாள் கட்டு ஒன்றில், நான் ஏற்கெனவே திருத்திய தாளின் நகல் தவறுதலாகத் திரும்ப வந்துவிட்டது. தெரியாமல் மறுபடியும் திருத்தினேன். முதல் தடவை 11, இரண்டாம் தடவை 15. இடையில் நடந்தது ஒரு மதியச் சாப்பாடு மட்டும். அன்றிலிருந்து மார்க் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்.

ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்கிறது. 1961இல் பால் டீடெரிக் என்பவரும் வேறு இருவரும் சேர்ந்து, கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஆங்கிலப் பேராசிரியர்கள், அறிவியல் ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், வணிக நிர்வாகிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். நூற்றுக்கு 94 கட்டுரைகள் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு தரங்களை வாங்கின. ஏன் இப்படி என்று தோண்டியபோது, ஒருவர் கருத்தைப் பார்க்கிறார், ஒருவர் இலக்கணத்தை, ஒருவர் அமைப்பை, ஒருவர் சொல்லை, ஒருவர் நடையை என்று தெரிந்தது. எல்லாரும் ஒரே தாளைத்தான் படித்தார்கள், ஆனால் பார்த்தது வேறு வேறு. பெட்டி பெட்டியாகப் பிரித்து மார்க் போடுகிற முறை வலுப்பெற்றது இப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பிறகுதான்.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். பெயர் எழுதிய மூலையை மடித்துவிட்டுத் திருத்துங்கள். நமக்குப் பிடித்த பிள்ளைக்கு அரை மார்க் தானாக ஏறிவிடும், நாம் அறியவே மாட்டோம். அப்புறம், பழைய தாள்களில் சுமார், நன்று, மிக நன்று என்று மூன்றை எடுத்துப் பெயரை மறைத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும்போது அந்த மூன்றில் எதற்குப் பக்கத்தில் இது வருகிறது என்று ஒப்பிட்டால் கை ஓரளவு நிதானப்படும்.

பேச்சுக்கு வருகிறேன். சரளம் என்றால் வேகம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. கடகடவென்று ஒப்பிப்பவரைச் சரளமாகப் பேசுகிறார் என்று எழுதிவிடுகிறோம். வேகத்தைப் பார்க்காதீர்கள், எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள். ஒரு கருத்து முடிந்து அடுத்த கருத்துக்கு முன் நிறுத்தினால் அவர் யோசிக்கிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவரும் அதைத்தான் செய்வார். 'ஐ வென்ட் டு தி...' என்று பாதியில் நின்று அடுத்த சொல்லைத் தேடினால் அங்கே மொழி தடுக்கிறது என்று அர்த்தம்.

உச்சரிப்பைப் பற்றி அந்த அப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம். கேம்பிரிட்ஜ் 1913இல் வெளிநாட்டவருக்காக முதன்முதலில் நடத்திய ஆங்கிலத் தேர்வில் ஒலியியலுக்கென்றே தனித்தாள் இருந்தது. எழுதியவர்கள் 3 பேர், மூவருமே தேறவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. சிஇஎஃப்ஆரின் உச்சரிப்புப் பகுதியையே பின்னாளில் திருத்தி எழுதியபோது, தாய்மொழிக்காரரைப் போல ஒலிக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, கேட்பவருக்குப் புரிகிறதா என்பதை மையமாக வைத்தார்கள். அமெரிக்க உச்சரிப்புக்கு மார்க் கிடையாது. பாதி அமெரிக்கன், பாதி ஆலங்குளம் என்று கலந்து பேசினால் கேட்பவருக்குச் சிரமம்தான் மிச்சம்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. புரிவதைக் கெடுக்கிற சில பழக்கம் நம்மிடம் உண்டு. 'ஃப' வராமல் 'ப' வருவது அதில் ஒன்று: அலுவலகத்தில் ஒருவர் 'ஐ வான்ட் காப்பி' என்றால் ஜெராக்ஸ் எடுப்பதா, டம்ளரை எடுப்பதா? அதைவிடப் பெரிய சங்கடம் அழுத்தம். 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம். 'போட்டோகிராஃபர்' என்றால் அது இரண்டாவது அசைக்கு நகர்கிறது. நாம் எல்லா அசையையும் ஒரே எடையில் வைத்துப் பேசுவோம், வெளியூர்க்காரர் விழிப்பார். மார்க் குறைப்பதானால் இங்கே குறையுங்கள். 'எஞ்சாய்' என்பதை 'யெஞ்சாய்' என்கிறானா, திருத்துங்கள், ஆனால் அதற்காகக் குறைக்க வேண்டாம்.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'டிஸ்கஸ் அபௌட்', 'டுடே இட்செல்ஃப்' போன்ற நம் ஊர் ஆங்கிலத்தை என்ன செய்வது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் யாருக்கும் இதில் புரியாத சிக்கல் இல்லை. இந்தியாவில் புழங்குகிற 'பிரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கே போய்விட்டது. ஆனால் வெளிநாடு போகிற நர்ஸ் 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால், கேள்வி கேட்கிறார் என்று அங்கே தோன்றாது, தாம் சொன்னதை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். என் முன்னாள் மாணவி ஒருத்தி வார்டில் மூத்த டாக்டரிடம் இப்படிச் சொல்லிவிட்டு, அவர் முகம் மாறியது ஏன் என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்திருக்கிறாள். ஆகவே எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பென்சிலால் கோடு மட்டும், நர்சிங் பிள்ளைக்கு மார்க்கும் போகட்டும். யாருக்காக எழுதுகிறார், யாரிடம் பேசப்போகிறார் என்பதைப் பொறுத்து அளவுகோல் கொஞ்சம் வளையத்தான் வேண்டும்.

அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசுங்கள். 9ஐ 13 ஆக்கிவிட்டோம் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஐந்து பெட்டியையும் காட்டுங்கள். இலக்கணத்தில் 2 என்பதைப் பார்த்து அவரே, "இதுக்கு என்ன செய்யணும் டீச்சர்?" என்று கேட்பார். துணைவினை ஒன்றை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். 22 வட்டத்தில் 8 அதிலேயே போய்விடும். பையனிடம் 19ஐப் பிடுங்க வேண்டாம், கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும். அடுத்த முறை தவளை இல்லாத மழையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள், பஜ்ஜியிலிருந்து தொடங்கட்டும்.

அந்த ஒரு மார்க் பாக்கி. பாட்டி வாசலில் நின்று கத்தினார், சரி. இந்த வருஷம் நெல்லை நனையாமல் உள்ளே எடுத்துவிட்டார்களா? ஒன்றரைப் பக்கம் எழுதியும் அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.